முதலில் தாள், பிறகு தூரிகை

பள்ளிக்கூடப் பரீட்சைகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கியவுடன், தியாகராய நகர் பாண்டி பஜாரிலும், மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய தெருக்களிலும், அடையாற்றுக் கடைத்தெருவிலும் உள்ள ஸ்டேஷனரிக் கடைகளில் வர்ணப் பெட்டி கேட்டு வருகிறவர்களின் கூட்டம் திடீரென்று அதிகரித்துவிடுகிறது. குழந்தையைச் சித்திர வகுப்பில் சேர்த்திருக்கும் பெற்றோர்கள், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகாவது இளமை ஆசை ஒன்றை நிறைவேற்றிக்கொள்ள நினைக்கும் பெரியவர்கள், கம்ப்யூட்டர்த் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் சலித்துப்போன இளைஞர்கள் என்று பலதரப்பட்டவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் முன் எடுத்து வைக்கப்படும் சாமான்களோ பெரும்பாலும் ஒரே தினுசு: இருபத்து நான்கு வர்ணங்கள் அடங்கிய பளபளப்பான பெட்டி, பத்துத் தூரிகைகளைத் திணித்த பிளாஸ்டிக் உறை, போனால் போகிறதென்று ஒரு டிராயிங் நோட்டு. கொண்டுவந்த பணத்தில் பெரும்பங்கு வர்ணத்துக்கும், கொஞ்சம் தூரிகைக்கும், மிகச் சொற்பம் தாளுக்குமாகப் போய்விடுகிறது. நீர்வர்ணத்தின் சுபாவத்தை அறிந்தவர்கள் இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கச் சொல்வார்கள். இக்கட்டுரையின் கட்சியும் அதுதான்.

எண்ணெய் வர்ணத்திலோ போஸ்டர் வர்ணத்திலோ எழுதுகிறவர், வெள்ளை வேண்டிய இடத்தில் வெள்ளையைக் குழைத்து மேலே பூசிக்கொள்ளலாம். நீர்வர்ணத்தில் அந்தச் சௌகரியம் இல்லை. ஒளி ஊடுருவக்கூடிய மெல்லிய படலமாக வர்ணம் தாளின்மேல் படிய, வெளிச்சமானது அந்தப் படலத்தைக் கடந்து தாளைத் தொட்டுத் திரும்பி வந்து நம் கண்ணில் படுவதனால்தான் நீர்வர்ணச் சித்திரத்துக்கே உரிய அந்தப் பிரகாசம் உண்டாகிறது. சாந்தோம் தேவாலயத்தின் வெண்ணிறக் கோபுரத்தை எழுத உட்காருகிறவர், அதன் பின்னால் இருக்கும் ஆகாயத்தையும் அதன்மேல் விழும் நிழலையும் எழுதிவிட்டு, வெள்ளையைத் தாளின் பொறுப்பில் விட்டுவிடுகிறார். அந்தத் தாள் மட்டமாக இருந்தால் என்ன ஆகும்? ஈரம் பட்டதும் அப்பளமாகச் சுருளும். மேடுபள்ளங்களில் வர்ணம் குளம் கட்டும். ஒரு முறைக்கு இரு முறை தூரிகையை ஓட்டினால் மேற்பரப்பு திரிதிரியாக உரிந்துவரும். ஆரம்ப சாதகர் இதையெல்லாம் தம்முடைய கைக்குற்றம் என்றே நினைத்து, "நமக்கு இது வராது" என்று பெட்டியை மூடிப் பரணில் வைத்துவிடுகிறார். மூன்று ரூபாய்த் தாள் செய்த தவறுக்கு மனிதர் தண்டனை அனுபவிக்கிறார்.

தாளின் மகிமையை மயிலாப்பூருக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. நடுத்தெருவில் நெடுங்காலம் வாழ்ந்து 2010-ஆம் ஆண்டில் தமது தொண்ணூற்றோராவது வயதை எட்டும் தறுவாயில் மறைந்த எஸ். ராஜம் அவர்கள், விவாதி மேள ராகங்களில் வல்ல சங்கீத வித்வான், பால்ய வயதில் 'சீதா கல்யாணம்' படத்தில் ராமனாக நடித்தவர், வீணை எஸ். பாலசந்தரின் தமையனார், வானொலி நிலையத்தில் பணிபுரிந்தவர். இத்தனைக்கும் நடுவில் அவர் ஒரு நீர்வர்ணச் சித்திரக்காரர். தியாகராஜர், முத்துஸ்வாமி தீக்ஷிதர், சியாமா சாஸ்திரி என்று சொன்ன மாத்திரத்தில் இன்று ரஸிகர்களின் மனக்கண்ணில் எழுகிற திருவுருவங்கள் பெரும்பாலும் அவருடைய கைவண்ணத்தால் நிலைபெற்றவையே. அஜந்தாவின் ரேகைகளில் மனத்தைப் பறிகொடுத்திருந்த அவர் கையாண்ட முறைக்கு 'வாஷ்' என்று பெயர். அது மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்த வழி சுவாரஸ்யமானது.

1903-ஆம் ஆண்டில் யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரண்டு ஜப்பானியச் சித்திரக்காரர்கள் கல்கத்தாவுக்கு வந்து தாகூர் குடும்பத்தாருடன் பழகியபோது, அவர்கள் ஈரத் தூரிகையால் தாளை நனைத்து நனைத்து வர்ணத்தை மென்மைப்படுத்தும் விதத்தை அபனீந்திரநாத் தாகூர் கண்டார். கண்டவர் ஒருபடி மேலே போய், சித்திரம் எழுதிய தாள் முழுவதையுமே தண்ணீரில் அமிழ்த்தியெடுக்கும் தமது முறையை உருவாக்கிக்கொண்டார். அவருடைய சீடரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1850-இல் அலெக்ஸாந்தர் ஹண்டர் என்ற வைத்தியர் ஆரம்பித்த சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைமை வகிக்க வந்து, 1957 வரை அந்த ஸ்தானத்தில் இருந்தார். அந்தப் பள்ளியில் அவருடைய காலத்தில் படித்தவர்தான் ராஜம். ஒரு பூச்சுப் பூசி, உலர்த்தி, தண்ணீரில் அமிழ்த்தி, ஒட்டாத வர்ணம் கரைந்து போனபின் மறுபடியும் உலர்த்தி, மறுபடியும் பூசி, இப்படியே பல தடவை செய்த பிறகு, பனிமூட்டத்தின் ஊடே தெரிவது போன்ற ஒரு சாந்தம் சித்திரத்தில் வந்து அமைகிறது. இத்தனை ஸ்நானத்தையும் தாங்கி நிற்கிற தாள் எத்தகைய தாளாக இருக்கவேண்டும் என்பதை வாசகர்கள் யோசித்துப் பார்க்கலாம். டிராயிங் நோட்டுத் தாள் முதல் முழுக்கிலேயே கூழாகிவிடும்.

ராய் சௌத்ரிக்குப் பின் அப்பள்ளியின் தலைமையை ஏற்றவரும், 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவருமான கே.சி.எஸ். பணிக்கர்கூட, பிற்காலத்து நவீன பாணிக்குப் போவதற்கு முன், நீர்வர்ண இயற்கைக் காட்சிகளால் பெயர் பெற்றவர்தான். ஆகவே இந்தக் கலைக்கு நம் ஊரில் வம்சாவளி உண்டு. கடைச் சரக்கின் யோக்கியதையைப் பற்றிப் பேசுவோர்தாம் குறைவு.

இனித் தாளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம். முதலாவதாகக் கேட்கவேண்டியது கனம். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை இத்தனை கிராம் என்று கணக்கிட்டு, அதை அட்டையின்மேல் 'ஜி.எஸ்.எம்.' என்று அச்சிட்டிருப்பார்கள். நீர்வர்ணத்துக்கு முந்நூறு வேண்டும். அதற்குக் குறைந்தால், பலகையில் பசைநாடா கொண்டு நாற்புறமும் ஒட்டி இழுத்துக் கட்டினாலொழிய தாள் அலை அலையாக நெளியும். இரண்டாவது, அது எதனால் ஆனது என்பது. மரக்கூழால் செய்த தாளைவிடப் பருத்தி நாரினால் செய்த தாள் ஈரத்தை நிதானமாக உள்வாங்கி நிதானமாக வெளிவிடுகிறது. ஆகாயத்தின் நீலம் கீழே வர வர வெளிறிப்போகும் ஒரு பூச்சைப் பதற்றமில்லாமல் முடிக்கும் அவகாசத்தை அதுதான் தருகிறது. நூறு சதவீதம் பருத்தி என்று போட்டிருந்தால் உத்தமம். இருபத்தைந்து சதவீதம் என்றிருந்தால் மத்திமம். மூன்றாவது, மேற்பரப்பு. சொரசொரப்பானது, நடுத்தரமானது, வழுவழுப்பானது என்று மூன்று வகை உண்டு. 'கோல்ட் பிரெஸ்டு' என்று கடையில் வழங்குகிற நடுத்தரமே ஆரம்பத்துக்குத் தகும்.

பிரான்ஸின் ஆர்ஷ், இத்தாலியின் ஃபாப்ரியானோ போன்ற நூற்றாண்டுகள் கண்ட ஆலைகளின் தாள்கள் நம் ஊரிலும் கிடைக்கின்றன. விலையைக் கேட்டால் சற்று மூச்சு வாங்கும். பருத்தியில் செய்த இந்தியத் தாள்களும் இப்போது தாராளமாக வருகின்றன. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தைச் சேர்ந்த தொழிற்சாலை வெகுகாலமாகக் கைக்காகிதம் செய்து வருவதை அறிந்தவர்கள், அங்கே போய்வரும்போது சில தாள்களை வாங்கிச் சுருட்டிக்கொண்டு வருவதுண்டு. ஆனால் கைக்காகிதம் எல்லாமே நீர்வர்ணத்துக்கு ஏற்றதல்ல என்பதையும் சொல்லவேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கென்று செய்த தாளில் வர்ணத்தை வைத்தால் மையொற்றுத் தாளில் வைத்தது மாதிரி உறிஞ்சிவிடும். இதற்குச் சுலபமான பரீட்சை ஒன்று இருக்கிறது. தாளின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்தாகத் திரண்டு சிறிது நேரம் நின்று, பிறகு மெல்லப் பரவினால், தாளுக்குள் வேண்டிய அளவு பசை சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். விட்ட கணத்தில் மறைந்து, பின்புறத்தில் ஈரத்தடம் தெரிந்தால் அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அழகாகப் பசை கட்டிய புஸ்தகமாக வாங்குவதைவிட முழுத்தாளாக வாங்குவது சிக்கனம். இருபத்திரண்டுக்கு முப்பது அங்குலமுள்ள முழுத்தாளை மும்முறை மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்து, ஸ்கேலை ஓரமாக வைத்துக் கிழித்தால் பதினொன்றுக்கு ஏழரை அங்குலத்தில் எட்டுத் துண்டுகள் கிடைக்கும். பின்புறத்தையும் சேர்த்தால் பதினாறு சித்திரங்கள். அந்தத் துண்டைப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டால் ஈஸல் முதலிய ஆடம்பரங்கள் தேவையில்லை. "பழகுகிறபோது நல்ல தாளை வீணாக்கலாமா?" என்று நம் வீடுகளில் ஒரு கேள்வி உண்டு. கை ஓட்டத்தைப் பழைய செய்தித்தாளில் வெறும் தண்ணீரால் எவ்வளவு வேண்டுமானாலும் பழகலாம். ஆனால் வர்ணம் எப்படிப் பரவும், எப்போது உலரும், எந்த ஈரத்தில் எதைச் சேர்க்கவேண்டும் என்ற வித்தையை மட்டமான தாள் கற்பிக்கவே கற்பிக்காது. அதில் பழகிய பழக்கத்தை நல்ல தாளுக்கு வந்தபின் மறக்கவேண்டிய சங்கடமும் சேர்ந்துகொள்ளும்.

தூரிகை விஷயத்தில் பத்தைவிட ஒன்று மேல். உருண்டை முனையுள்ள எட்டாம் எண் அல்லது பத்தாம் எண் தூரிகை ஒன்று நல்லதாக இருந்தால் போதும், கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்து நீர்ப்பரப்பையும் அதனால் பூசலாம், நடுவிலுள்ள மண்டபத்தின் தூண்களையும் அதன் நுனியால் கீறலாம். இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதால், எண்ணை நம்பாமல் கண்ணை நம்பவேண்டும். பெரிய பூச்சுக்கு ஓர் அங்குலத் தட்டைத் தூரிகையும், பிற்பாடு தென்னங்கீற்றுக்கும் மின்சாரக் கம்பிக்குமாக 'ரிக்கர்' என்கிற நீண்ட மெல்லிய தூரிகை ஒன்றும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவை பெட்டியை நிரப்பத்தான் உதவும்.

நல்ல தூரிகைக்கு மூன்று லக்ஷணங்கள்: வயிறு நிறையத் தண்ணீர் பிடிக்கவேண்டும், வளைத்து விட்டால் நிமிரவேண்டும், நனைத்தால் முனை கூடவேண்டும். கடையில் எல்லாத் தூரிகையும் கூராகத்தான் இருக்கும், ஏனென்றால் முனையைப் பசையால் ஒட்டிவைத்திருப்பார்கள். அதனால் சங்கோசப்படாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கவேண்டும். தூரிகையைச் சிறிது நேரம் அதில் ஊறவைத்து, விரலால் மெல்லப் பிசைந்து பசையைக் கரைத்துவிட்டு, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி உதறுங்கள். முடிகள் தாமாகவே ஒன்றுகூடி ஒற்றை முனையாக நின்றால் அது உங்களுடையது. இரண்டாகப் பிரிந்து மீன்வால்போல் நின்றால் கடைக்காரருடையது. அப்படியே பூணையும் ஆட்டிப் பாருங்கள். தையல் தெரியாத உலோகப் பூணாகவும், கட்டையோடு அசையாமல் கவ்வியதாகவும் இருக்கவேண்டும். ஆடுகிற பூண் சென்னைக் காற்றின் ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. தண்ணீர் கொடுக்க மறுக்கும் கடையில் தூரிகை வாங்காதிருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

முடியின் ஜாதியைப் பற்றி வர்த்தகர்களிடையே பெரிய புராணமே இருக்கிறது. மேல்நாட்டில் சக்கரவர்த்தி ஸ்தானம் வகிப்பது கோலின்ஸ்கி எனப்படுவது. சைபீரியப் பிராந்தியத்து மரநாய் இனப் பிராணி ஒன்றின் வால் முடியில் செய்வது. 1866-இல் விக்டோரியா மகாராணி ஆணையிட்டபடி லண்டன் வின்ஸர் அண்டு நியூட்டன் கம்பெனியார் ஏழாம் எண் அளவில் செய்து கொடுத்ததிலிருந்து 'ஸீரிஸ் ஏழு' என்ற பெயரோடு அது இன்றும் விற்கிறது. மகாராணிக்கு அது வேண்டியிருந்திருக்கலாம். ஆரம்ப சாதகருக்கு வேண்டியதில்லை. 'கேமல் ஹேர்' என்று விற்பதில் ஒட்டகம் கிடையாது, அணில், ஆடு, மட்டக்குதிரை இவற்றில் ஏதாவது ஒன்றின் முடியே இருக்கும். அணில் முடி தண்ணீரை ஏராளமாகக் குடிக்கும், ஆனால் துவண்டுபோகும். இக்காலத்துச் செயற்கை இழைத் தூரிகைகள் தண்ணீர் சற்றுக் குறைவாகப் பிடித்தாலும் நன்றாக நிமிர்கின்றன. நாளடைவில் நுனி சற்று வளைந்துபோகும் என்பது ஒன்றே குறை. விலையும் சுலபம், பிராணி ஹிம்சையும் இல்லை. தொடக்கத்துக்கு இதையே சிபாரிசு செய்வேன்.

பிராணி ஹிம்சை என்றதும் கீரிப்பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போவது நியாயமாகாது. "நேச்சுரல் ஹேர் சார், இந்த ஸ்பிரிங் வேற எதுலயும் வராது" என்று சில இடங்களில் தாழ்ந்த குரலில் எடுத்துக் காட்டப்படும் தூரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: முடியின் அடியில் கரும்பழுப்பு, நடுவில் வெண்மஞ்சள், நுனியில் மறுபடியும் கரும்பழுப்பு. இப்படிப் பட்டை பட்டையாக இருந்தால் அது கீரி முடியாகவே இருக்கக்கூடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி காக்கப்படும் பிராணி. அதன் முடியில் செய்த தூரிகையை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ஒரு கீரியைக் கொன்றால் கிடைப்பது சில பத்து கிராம் முடிதான். 2019-இல் வனவிலங்குக் குற்றத் தடுப்பு அதிகாரிகள் பல மாகாணங்களில் ஏககாலத்தில் சோதனை நடத்தியபோது, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தூரிகைகளும் நூறு கிலோவுக்கு அதிகமான முடியும் பிடிபட்டன. தூரிகைத் தொழிலுக்குப் பெயர்போன உத்தரப் பிரதேசத்து ஷேர்கோட் ஊரும் அந்தச் சோதனையில் அடிபட்டது. பிள்ளையைக் காத்த கீரியை அவசரப்பட்டுக் கொன்ற பார்ப்பனிக்காகக் கோவலன் தன் பொருளைத் தானம் செய்து பாவம் தீர்த்த வரலாறு சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் வருகிறது. அவளாவது அறியாமல் செய்தாள். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானஸோல்லாஸம்' தூரிகைக்குக் கன்றுக்குட்டியின் காது மயிரைச் சொல்கிறது. காது மயிரைக் கத்தரிப்பதற்குக் கன்றைக் கொல்லவேண்டியதில்லை.

வர்ணத்துக்குக் கடைசி இடம் கொடுத்ததனால் அது அற்பமென்று பொருளல்ல. 1781-இல் லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் நீர்வர்ண வில்லைகளைச் செய்து பரிசு பெற்ற பிறகுதான், சித்திரக்காரர் கையோடு வர்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்புவது சாத்தியமாயிற்று. நம் சென்னைப் பட்டணத்துத் தோட்ட வீடுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜஸ்டினியன் காண்ட்ஸ் என்பவர் நீர்வர்ணத்தில் எழுதி வைத்ததும் அத்தகைய வசதியினால்தான். இன்று வில்லையும் உண்டு, டியூபும் உண்டு. டியூபிலிருந்து பிதுக்கிய புது வர்ணம் உடனே கரையும். பெரிய பூச்சுக்கு அனுகூலம். வில்லை பையில் போட்டுக்கொண்டு போக ஏற்றது. டியூப் வாங்கி, காலி வில்லைக் குப்பிகளில் நிரப்பிக் காயவைத்துக்கொள்வது இரண்டுக்கும் நடுவழி.

எத்தனை வர்ணங்கள்? ஆறு. எலுமிச்சை மஞ்சள், காவி மஞ்சளாகிய எல்லோ ஆக்கர், சிவப்பில் ஒன்று, ரோஜாவை ஒத்த கிரிம்ஸன் ஒன்று, அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் ஸியன்னா எனப்படும் செம்பழுப்பு. பச்சை வேண்டுமென்றால் நீலத்தையும் மஞ்சளையும் சேர்த்துக் கொள்ளட்டும். பெட்டியில் வரும் தயார்ப் பச்சை நம் ஊர்த் தூங்குமூஞ்சி மரத்துக்கும் பொருந்தாது, தென்னைக்கும் பொருந்தாது. கறுப்பு வேண்டவே வேண்டாம். அல்ட்ராமரீனையும் செம்பழுப்பையும் குழைத்தால் வருகிற சாம்பல் நிறத்தை, நீலம் கூட்டினால் ஐப்பசி மேகமாகவும், பழுப்பைக் கூட்டினால் பழைய ஓட்டுக் கூரையின் நிழலாகவும் மாற்றிக்கொள்ளலாம். ஆப்கானிஸ்தானத்து ரத்தினக் கல்லை அரைத்தே ஒரு காலத்தில் இந்த நீலத்தைச் செய்தார்கள். 1828-இல் பிரான்ஸ் தேசத்து கிமே என்ற ரசாயன சாஸ்திரி அதைச் செயற்கையாகச் செய்யும் வழிக்குப் பரிசு பெற்ற பிறகுதான் சாமானியர் பெட்டியில் அது வந்து சேர்ந்தது.

வாங்கும்போது டியூபின் பின்புறத்தையும் படிக்கவேண்டும். எந்த நிறமிப் பொருள் என்பதை எழுத்தும் எண்ணுமாகக் குறித்திருப்பார்கள், அல்ட்ராமரீனுக்கு பி.பி. 29. ஒரே குறியீடு உள்ள வர்ணம், குழைக்கும்போது சேறாகாது. மூன்று நான்கு குறியீடுகள் இருந்தால் அதற்குள்ளேயே கலப்படம் முடிந்துவிட்டது. மாணவர் தரம், கலைஞர் தரம் என்ற இரண்டில், மாணவர் தரத்தில் நிறமி குறைவு, நிரப்புப் பொருள் அதிகம். நம் நாட்டு காம்லின் கம்பெனியார் இரண்டு தரமும் செய்கிறார்கள். ஆரம்பத்துக்கு மாணவர் தரமே போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம், மிச்சமாகும் பணம் தாளுக்குப் போகவேண்டும் என்பதே. நிறம் வெளிறுவதில் மட்டும் ஜாக்கிரதை தேவை. பழைய அலிஸரின் கிரிம்ஸன் (பி.ஆர். 83) நம் ஊர் வெயிலில் நிற்காது. ஒரு தாளில் எல்லா வர்ணத்தையும் பட்டையாகப் பூசி, பாதியை அட்டையால் மறைத்து மேற்கு ஜன்னலில் ஒட்டிவைத்தால், இரண்டு மூன்று மாதத்தில் எது நிற்கும், எது ஓடும் என்று தெரிந்துவிடும்.

குழைக்கும் தட்டுக்கு வெள்ளைப் பீங்கான் தட்டை மிஞ்சியது இல்லை. எவர்சில்வர் தட்டின் பளபளப்பில் நிறம் தெரியாது. புதுப் பிளாஸ்டிக்கில் வர்ணம் பரவாமல் துளித் துளியாகத் திரளும். தண்ணீர் இரண்டு குவளை: ஒன்று கழுவ, மற்றொன்று குழைக்க. பெஸன்ட் நகர் முதலிய கடலோரப் பகுதிகளின் உப்புப் போர்த் தண்ணீரை உபயோகிப்பவர்கள், பூச்சில் புள்ளிகள் விழுந்தால் வர்ணத்தை வையாமல், குழைக்கும் குவளையில் மட்டுமாவது குடிக்கும் கேன் தண்ணீரை வைத்துக்கொள்ளட்டும்.

கையில் இரண்டாயிரம் ரூபாய் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஆயிரத்தைத் தாளுக்கும், அறுநூறைத் தூரிகைக்கும், நானூறை வர்ணத்துக்குமாகப் பிரிக்கலாம். ஆனால் ஆயிரத்துக்கும் தாளை ஒரேயடியாக வாங்கி அடுக்கிவிடக் கூடாது. நம் ஊர்க் காற்றின் ஈரம் பட்டுத் தாளுக்குள் இருக்கும் பசை கெட்டுவிட்டால், வர்ணம் ஆங்காங்கே திட்டுத் திட்டாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட தாளைத் திருத்துவது எளிதல்ல. வடகிழக்குப் பருவமழைக்கு முன் பிரித்த கட்டைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, கட்டிலடியில் அல்லாமல் அலமாரியின் மேல்தட்டில் வைக்கவேண்டும். தூரிகையைக் கழுவியபின் தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்தாமல், படுக்கவைத்து உலர்த்தி, அந்துருண்டையோடு மூடிவைக்கவேண்டும். சித்திரை வெயிலில் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு ஆகாயத்தின் பூச்சு பாதி வருவதற்குள் மேல்பாதி உலர்ந்துவிடும். கார்த்திகையிலோ ஒரு பூச்சு உலர அரைமணி நேரம் பிடிக்கும். ஆகவே வெளியில் போய் எழுத ஆரம்பிக்கிறவர்களுக்கு மார்கழியும் தையுமே சௌகரியமான மாதங்கள். கபாலி கோயில் கிழக்குக் கோபுரத்தின் எண்ணற்ற சுதைகளை மட்டும் முதலில் தொடவேண்டாம். அடையாற்று முகத்துவாரத்து உடைந்த பாலம், மேலே ஆகாயம், கீழே தண்ணீர் என்று சுலபமாக இருக்கிறது. ஒரு தட்டைத் தூரிகையும் இரண்டு வர்ணமும் அதற்குப் போதும்.